கனிஷ்கா கப்பல் ஏறுமுன்

எங்கள் குலசாமி கோயிலில் சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கொடிக்காலில் இருக்கிற வெற்றிலையெல்லாம் கருகிப் போகட்டும். இந்த வருஷம் ஏற்கெனவே கருகிவிட்டது. அது நோய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என் பெயர் அப்புசாமி. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலையும் வாழையும் வைத்துப் பிழைக்கிறவன். மனைவி சௌந்திரம். மகள் சண்முகப்பிரியாவை நாமக்கல்லில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை மாதேஷ் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் விற்கிறார். அவர்களுக்கு ஒரே பெண், கனிஷ்கா; நான்கு முடிந்து ஐந்து நடக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருவன் உண்டு. என் மகன் நவநீதகிருஷ்ணன். அவன் கப்பலில் இருக்கிறான்.

அவன் கப்பலுக்குப் போன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள்.

படிப்பை முடித்துவிட்டு அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சேர்ந்தான். பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற வண்டி. அந்த வண்டிகள் போகாத தேசம் இல்லை. குஜராத்தில் கடலோரமாக ஒரு உப்பளத்துக்காரருக்குப் போர் போடப் போனார்கள். அங்கே மண் வழவழப்பு. துளை நேராக இறங்காமல் வளைந்து கடலுக்கு அடியில் போய்விட்டது. இவர்களுக்கு அது தெரியாது. கையிலிருந்த குழாயெல்லாம் தீருகிற சமயத்தில் எதிலோ போய் முட்டியது. பாறை என்று நினைத்துக் குடைந்தார்கள். பாறை இல்லை. நங்கூரம் போட்டு நின்றிருந்த ஒரு கப்பலின் அடிவயிறு.

கப்பல் கேப்டன் நனைந்த உடுப்போடு கரைக்கு வந்து நின்று கத்தினார். நவநீதன் கத்தவில்லை. கப்பலுக்குப் போய், தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக் கொடுத்தான். அடைத்த நேர்த்தியைப் பார்த்துவிட்டுக் கேப்டன் அவனைக் கையோடு வைத்துக்கொண்டார்.

கப்பலில் எல்லாம் இருந்தது, குடிக்க நல்ல தண்ணீர்தான் இல்லை. நவநீதன் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு கப்பலின் மேல்தளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். நடுவில் ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்கிற முறை அதுதான். அந்த இடத்தில் போர் போட்டான். கப்பலைத் துளைத்து, கடலைத் துளைத்து, அதற்குக் கீழே இருந்த மண்ணையும் துளைத்தான். இளநீர் மாதிரித் தண்ணீர் வந்தது. வராமல் என்ன செய்யும்? காவிரி அத்தனை காலமாக அங்கேதானே போய்ச் சேருகிறது. கப்பல் நகர்ந்தால் குழாய் உடையாதா என்று கேட்பீர்கள். உடையாது. ரப்பர் குழாய்.

அன்றிலிருந்து அவனால் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை. அவன் இறங்கினால் தண்ணீர் நின்றுவிடும். இதுதான் நடந்தது. கனிஷ்காவுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இதை நான் சொல்லிவருகிறேன். நான் சொல்ல ஆரம்பித்ததும் சௌந்திரம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். எங்கள் மாடு அந்த வருஷங்களில் குடித்த தண்ணீருக்கு அளவே கிடையாது.

இனி காது விஷயம். எங்கள் வழக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தோடு அவன் வாங்கிவர வேண்டும், துணி அவன் எடுத்துவர வேண்டும், பிள்ளை அழுதால் அவன் சட்டையில்தான் மூக்கைச் சிந்த வேண்டும். ஒற்றைப்படை வயதில் குத்துவார்கள். கனிஷ்காவுக்கு ஒரு வயதில் குத்தவில்லை. மூன்று வயதிலும் குத்தவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “மாமன் வரட்டும்” என்று சொன்னேன். கேட்டவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் தீவனக் கம்பெனி, நன்றாக விற்றுக் கொடுத்தவர்களைக் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னது. சென்னையில் ஏறி இலங்கைவரை போய்த் திரும்புகிற கப்பல். எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை பரிசலுக்கு மேல் ஏறியதில்லை, நவநீதனைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். போகிறதற்கு என்னென்ன வேண்டும் என்று கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து பேசினோம். மாப்பிள்ளை செல்போனில் கப்பலைக் காட்டினார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மாடி மாடியாக அடுக்கி வெள்ளையடித்த மாதிரி இருந்தது. உச்சியில் நீலமாக ஒரு நீச்சல் குளம்.

சௌந்திரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். “ஏனுங் மாப்ள, சுத்தியும் கடலு கெடக்குது. அதுக்கு நடுவுல எதுக்குங்க ஒரு தொட்டி?”

“அது குளிக்கறதுக்குங்க அத்தை.”

“அப்பக் கடலு?”

“அது பாக்கறதுக்குங்க.”

“பாக்கறதுக்கு இவ்வளவு தண்ணியா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிரியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளைக்கு வாந்தி வந்தால் என்ன கொடுப்பது. கப்பலில் தயிர்சோறு இருக்குமா. சின்னப் பிள்ளைகளுக்கு மிதக்கிற சட்டை தருவார்களா, அளவு சரியாக இருக்குமா. ஒரே கட்டிலில் மூன்று பேர் படுக்கலாமா, பிள்ளை உருண்டு விழுந்துவிடாதா. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும், “இருக்குமுங்க, பாத்துக்கலாமுங்க” என்றார். தீவனம் விற்கிறவர்களுக்கு அந்த இரண்டு சொல் போதும். நான் எலுமிச்சம்பழமும் சுக்கும் எடுத்துப்போகச் சொன்னேன். கப்பல் ஆடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் வாந்தி வராது என்பதையும் சொன்னேன். கனிஷ்கா அங்கேயே ஆட்டிப் பழகிக்கொண்டாள்.

ஆட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள். அம்மாவைப் பெற்றவனை எங்கள் பக்கத்தில் அப்பிச்சி என்பார்கள், பெற்றவளை அம்மாயி.

“அப்பிச்சி, மாமன் கீழ எறங்குனாத்தானே தண்ணி நிக்கும்?”

“ஆமாஞ் சாமி.”

“நாம மேல ஏறிப் போனா நிக்காதில்ல?”

பிரியா கையில் மடித்துக்கொண்டிருந்த கவுனை அப்படியே வைத்தாள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது.

“அப்பக் கப்பல்லயே காது குத்திக்கலாம். மாமன் மடி அங்கதான இருக்குது?”

“அது வேற கப்பல் சாமி.”

“போற வழியில பாக்கலாம். போர் இருக்கற கப்பல் எங்கனு கேட்டாச் சொல்லிப்போடுவாங்க. நா எல்லாக் கதவையும் தட்டிக் கேக்கறேன்.”

இதுவரை நான் சொன்னதில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறதென்று பெரியவர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எங்கள் வம்சத்தில் காது குத்தாத பிள்ளையைக் கடல் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது என்று ஒரு கட்டு உண்டு என்றேன். மிகப் பழைய கட்டு. அன்றைக்கு மத்தியானம்தான் உண்டானது. அதோடு கப்பல் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

பிரியா என்னையே பார்த்தாள். பிறகு, “செரிங்கப்பா, அப்ப மொதல்ல காது குத்திரலாம். இளஞ்செழியன் அண்ணன் மடி குடுக்கட்டும்” என்றாள்.

இளஞ்செழியன் என் அண்ணன் மகன். லாரி வைத்திருக்கிறான். கூடப் பிறந்தவன் இல்லாத இடத்தில் பங்காளி மகன் மாமன் முறைக்கு உட்காரலாம், அதில் தப்பில்லை. ஊரெல்லாம் நடக்கிறதுதான்.

“மாமங்காரன் ஒருத்தன் இருக்கையில அடுத்தவன் மடி எதுக்குக் கண்ணு?” என்றேன்.

அவள் எழுந்து வாழைத்தோப்புப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே போய்த்தான் பேசினாள்.

“அவ கதவத் தட்டுவாளுங்கப்பா. ஒண்ணொண்ணாத் தட்டிக்கிட்டே போவா. ஆரோ வெளிய வருவாங்க. என்ற மாமன் இருக்கறாரானு கேப்பா. நாந்தானுங்க பின்னால நிக்கோணும்.”

“அப்பப் போகாதீங்க. அடுத்த வருசம் போய்க்கலாம்.”

“அவரு வெயில்லயும் மழையிலயும் பண்ணை பண்ணையா அலைஞ்சு வாங்குனதுங்க. எனக்கும் போகோணுமுங்க. இந்த ஊட்டுல அஞ்சு வருசமா ஆருமே எங்கயும் போகல. ஒரு கல்யாணத்துக்குப் போனாக்கூட பந்தியில உக்காராம வந்தர்றோம். எம்புள்ள ஒரு தடவை சிரிச்சுக்கிட்டுத் தண்ணியப் பாக்கட்டுமுங்களே.”

வாழை இலை ஒன்று கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்களே அவகிட்டச் சொல்லிருங்கப்பா. அந்தக் கப்பலக் கட்டுனவரு நீங்க. நீங்களே முழுகடிச்சிருங்க.”

“செரி” என்றேன்.

அந்தச் ‘சரி’யைச் சொன்னபிறகு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது. வெற்றிலை வியாபாரிகளிடம் தலையசைத்தே விலை பேசினேன்; முன்னைவிட நல்ல விலைக்கே போனது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்கால் ஓரமாக நின்று சொல்லிப் பழகினேன். அது சின்ன வாக்கியம்தான். பாதி சொன்னதும் வாய்க்காலில் தண்ணீர் மறுபக்கம் திரும்பி ஓடிற்று. கூலிக்கு வந்த சின்னாயி பார்த்தாள். வேண்டுமானால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் இல்லையென்பாள், அவள் அப்படித்தான்.

காதுகுத்துக்கு முந்தின நாளே மகளும் பேத்தியும் வந்துவிட்டார்கள். காது குத்திய கையோடு நாமக்கல் போய், அடுத்த நாள் சென்னைக்குக் கிளம்புகிற ஏற்பாடு. சௌந்திரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கச்சாயம் சுட்டாள். அரிசி மாவையும் வெல்லத்தையும் சேர்த்து எண்ணெயில் போட்டு எடுக்கிற பலகாரம். எங்கள் பக்கத்தில் பிரயாணம் என்றால் அது இல்லாமல் யாரும் படி இறங்கமாட்டார்கள். கனிஷ்கா பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“அம்மாயி, மாமனுக்குத் தனியா ஒரு டப்பாவுல போடுங்க.”

சௌந்திரத்தின் கை எண்ணெய்க்கு மேலே நின்றது. அவள் அந்தக் கப்பலைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் பேசியதில்லை. இப்போதும் எழுந்து மாட்டுக்குப் போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. பிசைந்து வைத்திருந்த மாவை ஒதுக்கிவிட்டு, வேறு மாவு எடுத்து, வேறு வெல்லம் உடைத்துப் போட்டாள்.

“இதுலயே சுடலாமல்லங் அம்மாயி?”

“அதுல ஏலக்கா போட்டுட்டேன் சாமி. உம்மாமனுக்கு ஏலக்கா ஆவாது. வாயில போட்டதும் துப்பிப்போடுவான்.”

நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

மறுநாள் காலை கோயிலில் பெரிய கூட்டம் இல்லை. நாங்கள், மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர், அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டுப் பாவாயி. காது குத்துகிற ஆசாரி வேப்பமரத்தடியில் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இளஞ்செழியன் புது வேட்டி சட்டையில் வந்திருந்தான். தோடும் பட்டுப்பாவாடையும் அவனே வாங்கிவந்திருந்தான், நான் கேட்கவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். மலைப்பாதையில் லோடு லாரி ஏற்றுகிறவன், மடியில் வேட்டி மடிப்பை இரண்டு தடவை நீவிவிட்டான்.

“வாங்க சாமி, மாமன் மடியில உக்காருங்க” என்றான்.

கனிஷ்கா கோயில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ற மாமன் இல்ல.”

“நானும் மாமந்தானுங்க.”

“என்ற மாமன் கப்பல்ல இருக்குது. நாளன்னிக்குப் போயி நான் அங்கயே குத்திக்கறேன். கச்சாயங்கூட எடுத்து வெச்சாச்சு.”

பாவாயி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆசாரி, “நேரம் போகுதுங்க” என்றார், யாரையும் பார்க்காமல். பிரியா என்னைப் பார்த்தாள். சௌந்திரமும் என்னைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் இருந்த எல்லாருமே என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் போய்ப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வாய்க்கால் ஓரத்தில் பழகிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

“சாமி, மாமனுக்கு லீவு குடுக்கமாட்டேன்னுட்டாங்க. அதனால அவன் மடிய மட்டும் அனுப்பி வெச்சிருக்கறான்.”

அவள் தூணை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள். “மடிய மட்டுமா?”

“நேத்து பார்சல்ல வந்துச்சு. அதத்தான் இளஞ்செழியனுக்கு மாட்டி உட்டிருக்கோம். அவனுது கழட்டி லாரியில கெடக்குது.”

கனிஷ்கா இளஞ்செழியனிடம் போனாள். அவன் மடியைக் கையால் தட்டிப் பார்த்தாள். கடையில் பூசணி தட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் தட்டினாள்.

“இது என்ற மாமன் மடிங்களா?”

இளஞ்செழியன் என்னைப் பார்த்தான். அவனும் நவநீதனும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். “ஆமாஞ் சாமி, அவனுதுதான்” என்றான்.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். ஆசாரி குத்தினார். ஒரு காதுக்கு அவள் அழவில்லை. மறு காதுக்கு அழுதாள். முகத்தைத் திருப்பி அவன் சட்டையில் மூக்கைச் சிந்தினாள். இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோளெல்லாம் குலுங்கியது. பிள்ளைதான் அவன் கன்னத்தைத் தடவி, “உங்குளுக்கு எங்க குத்துனாங்க?” என்று கேட்டாள்.

சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. கையில் அந்தச் சின்ன டப்பா.

“அப்பிச்சி, மடி இல்லாம மாமன் எப்புடி உக்காருவாரு?”

“உக்காரமாட்டான் சாமி.”

“நின்னுக்கிட்டே இருப்பாரா?”

“இல்ல. படுத்துட்டான்.”

நான் அப்படிச் சொல்லப்போவது எனக்கே தெரியாது. சொன்னதை மாற்றிச் சொல்லப் பார்த்தேன். கேப்டன் ஒரு கட்டில் கொடுத்தார் என்றோ, வெல்வெட் மெத்தை என்றோ, ஏதாவது. எனக்கு ஒன்றும் வரவில்லை. முந்தின நாள் புளித்த மோர் குடித்ததில் தொண்டை கட்டியிருந்தது.

கனிஷ்கா வெகுநேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் அவள் கேள்வி கேட்டால் நான் முடித்த இடத்திலிருந்து இன்னொன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். அது வரவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். பிரியா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மாயியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் என்னை.

“அப்பக் கதவெல்லாந் தட்ட வேண்டாமுங்களா?”

“வேண்டாஞ் சாமி.”

“செரிங் அப்பிச்சி.”

சௌந்திரத்திடம் போய் டப்பாவை அவள் கையில் வைத்தாள். “இது ஊட்டுலயே இருக்கட்டுமுங் அம்மாயி” என்றாள். அதற்குப் பிறகு காரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கப்பல் ஆடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தலையை ஆட்டிப் பார்த்தாள். கார் நாமக்கல் ரோட்டில் திரும்புகிறவரை ஆட்டிக்கொண்டே போனாள்.

கப்பல் நல்லபடியாகப் போய்த் திரும்பியது. தயிர்சோறு கிடைத்ததாம், பிள்ளைக்கு ஒரு தடவைகூட வாந்தி வரவில்லையாம். வழிநெடுகப் பார்த்தும் போர் போட்ட கப்பல் எதுவும் தென்படவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் சரியாகப் பார்த்திருக்கமாட்டார். பிரியா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பின்னால் தண்ணீர், முன்னால் பிள்ளை, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிக்கிறாள்.

என் மகன் நவநீதகிருஷ்ணனுக்குக் கொள்ளி வைத்தவன் நான்தான். அப்போது கனிஷ்கா பிறந்திருக்கவில்லை.